0.019 அங்குலம், புதிய பாயிண்டுக்கு மட்டும்

1957 செவ்ரோலெட் பெல் ஏரின் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டரில் காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி எவ்வளவு என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று 0.019 அங்குலம், இன்னொன்று 0.016. இரண்டுமே சரி. முதலாவது புதிய பாயிண்டுக்கு, இரண்டாவது ஏற்கெனவே ஓடிய பாயிண்டுக்கு. புதிய பாயிண்டின் ஃபைபர் கட்டை டிஸ்ட்ரிபியூட்டர் கேமில் உரசி, ஓட ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே சற்றுத் தேயும். தேய்ந்தால் இடைவெளி குறையும். அந்தத் தேய்மானத்துக்கு இடம் விட்டு எழுதியதுதான் 0.019. புதிய பாயிண்டை முதல் நாளே 0.016-ல் வைத்தால், சில வாரங்களில் இடைவெளி அளவுக்குக் கீழே போகும், டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கும், பாயிண்ட் முகமும் கருகும்.

இந்த வண்டிகளின் தொழில்நுட்ப விவரக் குறிப்பில் வரும் ஏறக்குறைய எல்லா எண்ணும் இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிபந்தனை உண்டு: சூடாக இருக்கும்போதா, ஆறிய பிறகா, எஞ்சின் ஓடும்போதா, நின்ற பிறகா, புதியதா, பழையதா, எந்த டயர், எந்த பேரிங். நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் நல்ல வண்டிகள் கெடுகின்றன. 1955 முதல் 1957 வரை வந்த வி8 செவ்ரோலெட்டுகளை வைத்து இதைப் பார்ப்போம். அமெரிக்காவில் இன்றும் அதிகமாக ஓடும் பழைய கார்களில் இவையும் சேரும். பாகங்களும் கிடைக்கின்றன, கையேடுகளின் மறுபதிப்பும் கிடைக்கிறது. செவ்ரோலெட்டின் அந்தந்த ஆண்டுக்கான ஷாப் மேனுவலை வாங்கி வைத்துக்கொள்வது முதல் செலவாக இருக்கட்டும்.

எந்த எண்ணையும் தேடும் முன் பானெட்டுக்குள் உண்மையில் இருப்பது எந்த எஞ்சின் என்று தெரிய வேண்டும். அறுபது எழுபது ஆண்டில் எஞ்சின் மாறாத வண்டி குறைவு. பிளாக்கின் பின்புறம், ஓட்டுநர் பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்புக்கு மேலே வார்ப்பு எண் இருக்கும். 3703524 என்றால் 1955-இன் 265 கன அங்குல எஞ்சின். 3720991 என்றால் 1956, 57-இன் 265. 3731548 என்றால் 1957-இன் 283. வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் சிறு தட்டையான இடத்தில், இன்னொரு எண் குத்தப்பட்டிருக்கும். அதன் கடைசி எழுத்துகள் அந்த எஞ்சின் எந்த கியர்பாக்ஸுடன் தொழிற்சாலையை விட்டு வந்தது என்று சொல்லும். அழுக்கைச் சுரண்டி இரண்டையும் படித்து எழுதிக்கொள்ளுங்கள். பிளாக்கின் இரு பக்கவாட்டிலும் எஞ்சின் மவுண்ட் பொருத்தும் இடம் இருந்தால் அது 1958 முதல் வந்த பிளாக். 55 முதல் 57 வரையிலான எஞ்சின் முன்புறத்திலும் பெல் ஹவுசிங்கிலும்தான் (கியர்பாக்ஸ் சேரும் கூடு) தாங்கி நிற்கும்.

265-இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 3.75 அங்குலம், 283-இன் போர் 3.875. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3 அங்குலம். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உள்ளே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. 1955, 56-இன் 265-ல் வால்வுப் பக்கத்துக்குப் போகும் ஆயில், கேம்ஷாஃப்டின் கடைசி ஜர்னலில் (பேரிங்குக்குள் சுற்றும் பகுதி) வெட்டிய பள்ளம் வழியாகத்தான் போக வேண்டும். 1957-க்குப் பிந்தைய சாதாரண கேம்ஷாஃப்டில் அந்தப் பள்ளம் கிடையாது. அதைப் பழைய 265-ல் போட்டால் அளவெல்லாம் பொருந்தும், எஞ்சினும் ஸ்டார்ட் ஆகும். மேலே வால்வைத் தள்ளித் திறக்கும் லிஃப்டர்களும் ராக்கர்களும் ஆயில் இல்லாமல் காய்ந்து தேயும். கேம்ஷாஃப்ட் வாங்கும்போது "ஸ்மால் பிளாக் செவிக்குப் பொருந்தும்" என்ற வரியை நம்பாமல் பின் ஜர்னலைக் கண்ணால் பாருங்கள்.

இனி இக்னிஷன். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கும்போது ஃபைபர் கட்டை கேமின் உச்சியில் நிற்க வேண்டும். ஓடிய பாயிண்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் உருவாகியிருக்கும். ஃபீலர் கேஜ் மேட்டின் மேல்தான் உட்காரும், ஆகவே உண்மையான இடைவெளி நீங்கள் அளந்ததைவிட அதிகம். அதனால் பழைய பாயிண்டை ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) மீட்டரில் பார்ப்பதுதான் சரி: 30 டிகிரி, 28 முதல் 32 வரை ஏற்கலாம். 1957 டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஒரு சிறு ஜன்னல் உண்டு. எஞ்சின் ஓடும்போதே அதன் வழியாக 1/8 அங்குல ஆலன் கீயை விட்டு ட்வெல்லைத் திருத்தலாம். மீட்டர் இல்லையென்றால், ஐட்லிங்கில் கடிகார முள் திசையில் மெல்லத் திருப்புங்கள். எஞ்சின் தடுமாறத் தொடங்கும் இடத்திலிருந்து அரைச் சுற்று பின்னால் வந்தால் 30 டிகிரிக்கு மிக அருகில் இருக்கும். 1955, 56 மூடியில் ஜன்னல் இல்லை, ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. முதலில் ட்வெல், பிறகு டைமிங். ட்வெல் ஒரு டிகிரி மாறினால் டைமிங்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி நகரும். டைமிங்கைத் திருப்பினால் ட்வெல் மாறாது. டைமிங் லைட் பிடிக்கும் முன் வாக்குவம் அட்வான்ஸ் (உறிஞ்சலால் பொறியை முன்கூட்டும் அமைப்பு) குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிடுங்கள், ஐட்லிங்கையும் தாழ்த்துங்கள். ஐட்லிங் அதிகமாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் எடைகள் விரிந்து, மையவிலக்கு அட்வான்ஸ் சேர்ந்துகொள்ளும். புத்தகத்தில் இருக்கும் எண் அது சேராத நிலைக்கான எண். கிராங்கின் முன்முனையில் ரப்பர் வளையம் வைத்த பாலன்சர் (அதிர்வடக்கும் சக்கரம்) இருந்தால் இன்னொரு சந்தேகமும் வேண்டும்: ரப்பர் முதிர்ந்து வெளிவளையம் நழுவினால் டைமிங் குறியே பொய் சொல்லும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பரை வைத்து, கையால் இரு பக்கமும் திருப்பி, இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவைக் குறித்துப் பாருங்கள். அந்தக் குறியும் பாலன்சர் குறியும் ஒன்றாக விழ வேண்டும்.

ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் பக்கம் 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகார முள் திசையில் சுற்றும். இந்த வரிசையில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து வெடிக்கின்றன, பிளாக்கிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டின் பிளக் வயர்களும் ஒன்றையொன்று ஒட்டி இணையாக ஓடினால், 5-இன் மின்னோட்டம் 7-ன் வயரில் தூண்டல் ஏற்படுத்தி அந்தச் சிலிண்டரை முன்கூட்டியே எரித்துவிடும். பிளக் இடைவெளி, பாயிண்ட், கார்புரேட்டர் எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் ஒரு தடுமாற்றம் தொடர்ந்தால் இந்த இரண்டு வயர்களையும் பிரித்து ஓட்டிப் பாருங்கள். பிளக் இடைவெளி 0.035 அங்குலம்.

சாவியைத் திருப்பும்போது எஞ்சின் பற்றிக்கொள்கிறது, சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது என்றால் பெட்ரோலைத் தேட வேண்டாம். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது காயிலுக்கு முழு மின்னழுத்தம் நேரடியாகப் போகும். சாவி திரும்பி வந்ததும் பாலஸ்ட் ரெசிஸ்டர் வழியாகக் குறைந்து போகும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால் இப்படித்தான் நடக்கும். வழியில் நிற்கும்போது சிலர் அதைத் தாண்டி ஒரு வயரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அடுத்த சில நாளில் பாயிண்ட் கருகிவிடும்.

வால்வுக்கு வருவோம். இந்த எஞ்சின்களில் இருவகை லிஃப்டர் உண்டு: ஆயில் அழுத்தத்தால் ஆட்டத்தைத் தானே நீக்கும் ஹைட்ராலிக், அப்படி நீக்காத சாலிட். 1955-இல் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் வைத்த வி8-ல் ஹைட்ராலிக், கையால் கியர் மாற்றும் வண்டியில் சாலிட். சாலிட் லிஃப்டருக்கு வால்வு இடைவெளி இன்டேக் 0.008, எக்ஸாஸ்ட் 0.018 அங்குலம், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு. 1957-இன் உயர்திறன் 283-களில் வந்த சாலிட் கேமுக்கு 0.012, 0.018. ஹைட்ராலிக்குக்கு ஃபீலர் கேஜே தேவையில்லை: புஷ் ராடின் ஆட்டம் தீரும் இடத்திலிருந்து நட்டை ஒரு முழுச் சுற்று இறுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த "ஒரு சுற்றை" சாலிட் லிஃப்டர் எஞ்சினில் செய்தால் வால்வு மூடவே மூடாது, உட்காரும் இடம் எரிந்துபோகும். முதலில் உங்கள் எஞ்சினில் இருப்பது எது என்று பார்த்துவிட்டு நட்டைத் தொடுங்கள்.

எஞ்சினை நிறுத்திவைத்து ஹைட்ராலிக்கைச் சரிசெய்ய இரண்டே நிலை போதும். முதல் சிலிண்டர் வெடிக்கும் மேல்நிலையில் நிறுத்தி எக்ஸாஸ்ட் 1, 3, 4, 8, இன்டேக் 1, 2, 5, 7. கிராங்கை ஒரு முழுச் சுற்று திருப்பி 6-ஆம் சிலிண்டரின் மேல்நிலைக்கு வந்ததும் எக்ஸாஸ்ட் 2, 5, 6, 7, இன்டேக் 3, 4, 6, 8. ராக்கர் நட்டு தன் இறுக்கத்தாலேயே நிற்கும் வகை. விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்த நட்டை மறுபடி போடாதீர்கள். ஒரே வால்வில் மட்டும் ஆட்டம் திரும்பத் திரும்ப வந்தால் நட்டைவிட ஸ்டட்டைச் சந்தேகியுங்கள். இந்த ஹெட்டுகளில் ஸ்டட் மரை போட்டதல்ல, அழுத்திச் செருகியது. கனமான ஸ்பிரிங் போட்ட எஞ்சினில் மெல்ல மேலே எழும்பும். ஸ்டட்டுகளின் உச்சியில் நேர்கோல் வைத்துப் பார்த்தால் எது உயர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஹெட் போல்ட் ஒரு ஹெட்டுக்கு 17. டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) 60 முதல் 70 பவுண்டு-அடி, அதாவது 81 முதல் 95 நியூட்டன் மீட்டர். நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும், மூன்று கட்டமாக இறுக்க வேண்டும். இந்த போல்ட்டுகள் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் இறங்குகின்றன, மரையில் சீலன்ட் தடவாவிட்டால் தண்ணீர் மரை வழியே ஏறிக் கசியும். சீலன்ட் உராய்வையும் குறைக்கிறது. துருப்பிடித்த, காய்ந்த மரையில் அதே 65 பவுண்டு-அடி காட்டும்போது பாதி விசை துருவோடு போராடித் தீர்ந்திருக்கும், கேஸ்கெட்டுக்குப் போய்ச் சேராது. போல்ட்டையும் பிளாக்கின் மரையையும் முதலில் சுத்தம் செய்யுங்கள்.

ஆயில் அளவு 4 குவார்ட், ஃபில்டரும் மாற்றினால் 5. லிட்டரில் 3.8, 4.7. 1955-இன் 265-ல் எஞ்சினோடு சேர்ந்த ஃபில்டர் கிடையாது. விருப்பப் பாகமாக வந்த பைபாஸ் ஃபில்டர் ஆயிலில் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டும். 1956 முதல் முழு ஆயிலும் போகும் ஃபில்டர், உலோகக் குடுவைக்குள் மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ். குடுவையின் மேல்விளிம்பில் சதுர வெட்டு ரப்பர் வளையம் ஒன்று பிளாக்கின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் புதியதை மேலே வைத்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் ஆயில் முழுவதும் தரைக்கு வரும். ஒரு கூரான ஊசியால் பழைய வளையத்தை நோண்டி எடுத்து, பள்ளம் வெறுமையாக இருப்பதை விரலால் தடவிப் பார்த்த பிறகே குடுவையை ஏற்ற வேண்டும்.

ஆயிலின் தன்மையும் மாறிவிட்டது. இந்த எஞ்சின்களின் கேம், தட்டை அடியுள்ள லிஃப்டரைத் தேய்த்துக்கொண்டே திறக்கும். அந்த இடத்தில் உலோகத்தைக் காப்பது ஆயிலில் இருக்கும் ஜிங்க்-பாஸ்பரஸ் கலவை. புகையைச் சுத்தம் செய்யும் வினைமாற்றிகளை (கேட்டலிடிக் கன்வர்ட்டர்) காப்பதற்காக இன்றைய பெட்ரோல் கார் ஆயில்களின் மெல்லிய ரகங்களில் பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பழைய கார்களுக்கென்று விற்கும் ஆயிலில் 1,000-க்கு மேல் இருக்கும். புதிய கேம் போட்டவர்கள் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்: முதல் 20 நிமிடம் ஐட்லிங்கில் விடாமல் 2,000 ஆர்பிஎம் அளவில் ஓட்ட வேண்டும். ஐட்லிங்கில் கிராங்கிலிருந்து கேமுக்குத் தெறிக்கும் ஆயில் போதாது.

பிரேக்கில்தான் அதிக கவனம் தேவை, ஏனென்றால் இந்த வண்டியில் இரண்டாவது வாய்ப்பு இல்லை. நான்கு சக்கரத்துக்கும் 11 அங்குல டிரம், ஒரே ஒரு சர்க்யூட். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போய்விடும், கை பிரேக் மட்டுமே மிஞ்சும். செவ்ரோலெட் கார்களில் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் 1967 மாடலிலிருந்துதான் வந்தது. தினமும் ஓட்டும் வண்டியாக இருந்தால் அதை மாற்றிவிடுவதே என் பரிந்துரை. அசல் தன்மை கெடும் என்று தயங்குபவர்கள் கழற்றிய பழைய பாகத்தைப் பத்திரப்படுத்தி வைக்கலாம்.

ஷூக்கள் இரண்டும் ஒன்றல்ல. லைனிங் குறுகிய ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து, நீண்டது பின்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். முன் ஷூ டிரம்மோடு சேர்ந்து சுற்ற முயன்று பின் ஷூவைத் தள்ளும், அதிக வேலை பின் ஷூவுக்குத்தான். மாற்றிப் போட்டால் பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காது, அல்லது ஒரு பக்கம் இழுக்கும். தேய்மானத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு இதில் இல்லை. நட்சத்திரச் சக்கரத்தை நீங்கள்தான் திருப்ப வேண்டும். டிரம் இறுகும் வரை திருப்பி, பிறகு உரசல் போகும் வரை பின்னால் விடுங்கள். டிரம்மைக் கடைந்தால் 11.060 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஏர் எடுக்கும் வரிசை தொலைவிலிருந்து அருகே: வலது பின், இடது பின், வலது முன், இடது முன். ஃப்ளூயிட் டாட் 3. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ அதனோடு கலக்கக் கூடாது.

பெடலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, மாஸ்டர் சிலிண்டர் புஷ் ராட். பெடல் மேலே வந்ததும் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிறிது இடம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, ரப்பர் கப் டாங்குக்குப் போகும் சிறு துளையை மூடியபடியே நிற்கும், சூடாகி விரிந்த ஃப்ளூயிட் திரும்ப வழியில்லாமல் ஷூவை அழுத்தும். இரண்டாவது, ரப்பர் ஹோஸ். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி ஒருவழி வால்வாக மாறியிருக்கும்: மிதித்த அழுத்தம் போகும், திரும்பாது. சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டு, குழாயை ஹோஸுக்கு முன்னால், மாஸ்டர் சிலிண்டர் பக்கம், தளர்த்தினால் விடுபடவில்லை என்றால் ஹோஸ்தான் குற்றவாளி.

முன்னால் டிஸ்க் போட்டவர்களுக்கு ஒன்று. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தத்தை நிரந்தரமாக வைத்திருக்கும் ஒரு வால்வு உண்டு. டிரம்மில் திரும்பி இழுக்கும் ஸ்பிரிங் இருப்பதால் அது நல்லது. டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் இல்லை, பேட் உரசிக்கொண்டே ஓடிச் சூடாகும். முன் சர்க்யூட்டில் அந்த வால்வு இருக்கவே கூடாது.

முன் சக்கர பேரிங்கிலும் இதே கதை. தொழிற்சாலையில் போட்டது பால் பேரிங். அதற்குச் சிறிது முன் அழுத்தம் வேண்டும் என்று கையேடு சொல்லும். இன்று பெரும்பாலோர் மாற்றிப் போடுவது டேப்பர் ரோலர். அதற்கு நேர்மாறாக, அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு ஆட்டம் விட வேண்டும். பால் பேரிங்குக்கான இறுக்கத்தை டேப்பரில் வைத்தால் கிரீஸ் வெந்து பேரிங் நீலம் பூத்துவிடும். டயருக்கும் அப்படியே: 24 பவுண்டு காற்று என்பது இழைகள் குறுக்காக ஓடும் அன்றைய பயாஸ் டயருக்கு. ரேடியலில் அது போதாது, தோள்பட்டை தேயும். 28 முதல் 32 வரை வையுங்கள். அலைன்மென்ட் செய்பவரிடம் பழைய எண்ணைக் கொடுக்கும்போது டயர் ரேடியல் என்று சேர்த்துச் சொல்லுங்கள். கேஸ்டரை (முன் சக்கரத்தின் திருப்பு அச்சின் முன்பின் சாய்வு) கொஞ்சம் பாசிட்டிவாக ஏற்றினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும்.

டைனமோவோ ரெகுலேட்டரோ கழற்றி மாட்டிய பின், ஸ்டார்ட் செய்யும் முன், ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஆர்மச்சர் முனையையும் ஒரு வயரால் ஒரு கணம் தொட்டுவிட வேண்டும். டைனமோவின் துருவம் அதனால் சரியாகும். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் லைட் மங்கலாக எரிவது, ஹார்ன் விட்டுவிட்டு ஒலிப்பது எல்லாம் பெரும்பாலும் எர்த் கோளாறு. பெயின்ட் மின்சாரம் கடத்தாது, போல்ட் உட்காரும் இடத்தில் இரும்பு தெரியச் சுரண்டுங்கள். பெட்ரோல் முள் எப்போதும் முழு டாங்க் காட்டினால் டாங்கின் எர்த்தைப் பாருங்கள். அது சரியென்றால், யாரோ 90 ஓம் சென்டரை (டாங்கிலிருந்து மீட்டருக்கு அளவை அனுப்பும் பாகம்) போட்டிருக்கக் கூடும். இந்த மீட்டருக்கு 0 முதல் 30 ஓம்.

ரேடியேட்டருக்குப் பிற்கால வண்டியின் 15 பவுண்டு மூடியைப் போட்டால் கொதிப்பது குறையும் என்று சிலர் சொல்வார்கள். பித்தளை ரேடியேட்டரின் ஈயப் பற்றுகளும் ஹீட்டர் கோரும் அதைத் தாங்கக் கட்டப்படவில்லை. வண்டி கொதித்தால் மூடியை மாற்றும் முன் வலப்பக்க எக்ஸாஸ்டில் இருக்கும் ஹீட் ரைசர் வால்வைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மூடியபடி சிக்கியிருந்தால் அந்தப் பக்கத்தின் புகை முழுவதும் கார்புரேட்டரின் அடிவழியே போய் பெட்ரோலைக் கொதிக்க வைக்கும்.

பின் ஆக்சிலில் 4 பைன்ட் கியர் ஆயில், சுமார் 1.9 லிட்டர். பின் பிரேக் ஷூவில் ஆயில் நனைந்தால் சீலை மாற்றுவதற்கு முன் ஹவுசிங்கின் மேலே இருக்கும் மூச்சுத் துளையைச் சுத்தம் செய்யுங்கள். அது அடைபட்டால் உள்ளே சூடான காற்று விரிந்து புதிய சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். பின் ஆக்சிலின் கிரௌன்-பினியன் பல்சக்கர விகிதமும் தெரிந்திருக்க வேண்டும்: 1957-இல் பவர்கிளைடுக்கு 3.36, மூன்று கியர் வண்டிக்கு 3.55, ஓவர்டிரைவுக்கு 4.11. டிஃபரன்ஷியல் முழுதாகக் கழன்று வரும் வகை என்பதால் 1955 முதல் 1964 வரையிலான எந்த வண்டியிலிருந்தும் வேறு விகிதம் வந்து உட்கார்ந்திருக்கலாம். கிரௌன் பல்லை எண்ணி பினியன் பல்லால் வகுத்துப் பாருங்கள். விகிதமோ டயரின் உயரமோ மாறியிருந்தால் கியர்பாக்ஸின் வால்பகுதியில் இருக்கும் ஸ்பீடோமீட்டர் கியரையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும். அதுவரை மீட்டர் காட்டும் வேகமும் மைலும் தவறு, அந்த மைலை வைத்துப் போடும் ஆயில் மாற்றக் கணக்கும் தவறு.